நான் சிவப்புப் பேனையால் வெட்டிய சொல்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி ஆங்கிலப் பாடம், பாதி நான் விட்ட பிழை. ஆங்கிலம் நமக்கெதுக்கு என்கிறவர்கள் நடுவில் உள்ளதைத் தாண்டிப் போகலாம். ஆனால் கடைசிக்கு முன்னால் வைத்தியம் பற்றிக் கொஞ்சம் எழுதியிருக்கிறேன், அதை மட்டும் எப்படியாவது வாசித்துவிடுங்கள்.

இதை எழுத முதல் அந்தப் பிள்ளையிடமும் அவளுடைய வாப்பாவிடமும் கேட்டேன். "பேரும் ஊரும் வேணாம் சேர், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றார் வாப்பா. ஆகவே இது இப்போது படிப்பிக்கிற பாடசாலையா, முன்னர் படிப்பித்ததா என்பதையும் சொல்லமாட்டேன். தெரிந்தவர்கள் கொமன்ட்டில் ஊகித்து எழுதாமல் இருந்தால் பெரிய உதவி.

தரம் 11க்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். தலைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மறக்க முடியாத ஒரு நாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் பழக்குவதற்காக வருஷா வருஷம் கொடுக்கிற தலைப்பு. அதனால் வருகிறதும் வருஷா வருஷம் ஒன்றுதான். நுவரெலியாச் சுற்றுலா, பெருநாள், விளையாட்டுப் போட்டி, சைக்கிளால் விழுந்து கை முறிந்தது. இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தால் முப்பத்துச் சொச்சம் கொப்பி. பத்தாவது கொப்பிக்குப் பிறகு கண் வசனத்தைப் பார்க்காது, வினைச்சொல்லின் வாலைத்தான் பார்க்கும். இறந்தகாலத்தில் இருக்கிறதா, இல்லையா. ஆசிரியர்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு கொப்பியில் இந்த வசனம் வந்தது. தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்: "மை ஃபாதர் லேர்ச்ட் ஃப்ரொம் த பஸ்."

பேனை நின்றது. லேர்ச்ட்? வாப்பா லேர்ச் ஆவாரா? பஸ்தானே லேர்ச் ஆகும்? ட்ரைவர் கிளச்சைப் படாரென்று விட்டால் பஸ் ஒரு இழுப்பு இழுத்து முன்னுக்குப் பாயுமே, அது லேர்ச். கடலில் ஒரு பக்கத்து அலை வந்து மோத, கப்பல் திடீரென்று சரியுமே, அது லேர்ச். பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொண்டாள் என்று முடிவெடுத்தேன். "லேர்ச்ட்" என்பதை வெட்டினேன். மேலே "ஸ்டெகர்ட்" என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு குறிப்பும்: பஸ் லேர்ச் ஆகும், மனிதர் ஸ்டெகர் ஆவார். எழுதிவிட்டு அந்தக் குறிப்பை இரண்டாம் தரம் வாசித்து எனக்குள்ளேயே மெச்சிக்கொண்டேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தக் கட்டுரையில் மிச்சம் என்ன இருந்தது என்று அன்றிரவு கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த நாள் இடைவேளைக்கு அந்தப் பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் கொப்பி, மற்றக் கையில் நான்காக மடித்த ஒரு தாள். அமைதியான பிள்ளை, கேள்வி கேட்கிற சாதியில்லை. தாளை விரித்துக் காட்டினாள். நான் முந்தின வருஷம் ரோணியோ அடித்துக் கொடுத்த ஒத்த சொற்கள் தாள் அது.

"சேர், நீங்க தந்த பேப்பர்ல இந்த சொல்லுக்குப் பக்கத்துல குடிகாரன் மாதிரி எண்டு கிடக்கு. எங்கட வாப்பா குடிக்கிறல்ல."

பார்த்தேன். "தள்ளாடுதல்" என்று தலைப்பிட்டு, அதன் கீழே எட்டு ஆங்கிலச் சொற்கள். ஸ்டெகர் என்பதற்கு நேரே என்னுடைய கையெழுத்தில்: "குடிகாரன் போலத் தள்ளாடுதல்." மற்ற ஏழு சொற்களுக்கும் நேரே ஒரு விளக்கமும் இல்லை. "மேற்படி" என்று இரண்டு கோடு மட்டும்.

அதாவது, என்னுடைய பிள்ளை அந்த எட்டுச் சொல்லையும் வரிசையாகப் பார்த்திருக்கிறாள். குடி என்று எழுதிய சொல்லை ஒதுக்கியிருக்கிறாள். மிச்ச ஏழிலிருந்து ஒன்றை வாப்பாவுக்காகத் தெரிந்தெடுத்திருக்கிறாள். நான் அதை வெட்டிவிட்டு, அவள் ஒதுக்கிய அதே சொல்லைக் கொண்டுபோய் அவளுடைய வாப்பாவின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். சிவப்பில்.

ஒரு ஆசிரியனின் சமாளிப்பு இருக்கிறதே. "மகள், ஸ்டெகர் எண்டா எப்பவும் குடிகாரன் இல்ல" என்று தொடங்கினேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "அதோட சேர், வாப்பா ரெண்டு பக்கமும் ஆடல்ல. ஒரு பக்கம்தான் போனாரு. ஒரேயடியா" என்றாள். கையால் காட்டினாள், இடது பக்கமாக, சாய்த்து.

மணி அடித்தது. கொப்பியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அன்றைக்குத்தான் அந்தக் கட்டுரையை வாசித்தேன்.

அவளுடைய வாப்பா போட்டில் போகிறவர். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனால் கரைக்கு வர நாள் கணக்காகும். அந்த முறை வந்து, மீனை இறக்கிவிட்டு, உடுப்புப் பையோடு பஸ் ஏறியிருக்கிறார். பஸ்ஸிலேயே தலை சுற்றத் தொடங்கியிருக்கிறது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கடலில் நாள் கணக்காக இருந்து வருகிறவர்களுக்குக் கரையில் கால் வைத்ததும் தரை ஆடுகிற மாதிரி இருக்கும், ஒரு இரவு தூங்கி எழும்பினால் போய்விடும். போட்டுக்காரர் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். அந்த ஆட்டம்தான் என்று நினைத்திருக்கிறார்.

அசர் முடிந்து மஃரிபுக்குக் கிட்டிய நேரம். மகள் டியூசன் முடிந்து சந்தியில் நிற்கிறாள். பஸ் நிற்கிறது. வாப்பா மிதிபலகையிலிருந்து இறங்குகிறார். இறங்கின அடியோடு இடது பக்கமாக ஒரு சாய்வு, கடைப் படிக்கட்டில் போய் மோதி உட்கார்ந்துவிட்டார். எழும்பப் பார்த்தார், மறுபடியும் இடது பக்கம். வாந்தி எடுத்தார். என்னமோ சொன்னார், நாக்குக் குழறியது.

சந்தியில் ஆள் இல்லாமல் இல்லை. கடை வாசலில் ஐந்தாறு பேர், ஓட்டோக்காரர் இரண்டு பேர். ஒருவரும் கிட்ட வரவில்லை. "தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்" என்று ஒருவர் சொன்னது பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது. நம் ஊர்களில் அந்தச் சொல் விழுந்தால் பிறகு ஒரு மனிதனைத் தொடுவதற்குக் கை வராது. பார்ப்பதற்கு மட்டும் கண் வரும். பதினைந்து வயதுப் பிள்ளை, புத்தகப் பையோடு, தனியாக வாப்பாவைத் தூக்கி எழுப்பப் பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒரு ஓட்டோ நாநா வந்தார். அவரும் கெட்ட மனிதர் இல்லை, இரக்கத்தோடுதான் சொன்னார்: "வீட்ட கொண்டு போங்க புள்ள, விடிய வெறி இறங்கிரும்."

வீட்டில் உம்மா தேசிக்காய்த் தண்ணி பருக்கினார். படுக்க வைத்தார்கள். உம்மாவுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கும் போல, அயலில் யாரையும் கூப்பிடவில்லை. கதவைச் சாத்தினார்கள். விடியச் சுபஹுக்கு எழுப்பினால் வாப்பாவால் உட்கார முடியவில்லை, தண்ணீர் விழுங்க முடியவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரி. பாரிசவாதம். ஸ்ட்ரோக்.

கட்டுரையின் கடைசி வசனம் இதுதான்: டொக்டர் கேட்டார், ஏன் நேற்றே கொண்டுவரவில்லை என்று.

நான் இந்த வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டிருந்தேன். இறந்தகாலம் சரியாக இருந்தபடியால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நடந்த கிழமையிலேயே தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதை என் காதுக்கு வந்தது. இன்னார் வெறியில் பஸ்ஸால் விழுந்தாராம் என்று. அவர் என் மாணவியின் வாப்பா என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாவிட்டால் என்ன, "அப்படியா, பார்த்தாத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு பிளேன்டியைக் குடித்தேன். இரண்டு கிழமையில் அவருக்கு வருத்தம் என்று இன்னொரு கதை வந்தது. முதல் கதையை யாரும் திரும்பப் போய் வாபஸ் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இனி ஆங்கிலப் பாடம்.

வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். கல்வியியற் கல்லூரிக் காலத்தில் வாங்கிய ஒக்ஸ்ஃபோர்ட், அட்டை போய் நாடா ஒட்டியது. லேர்ச் என்பதற்கு முன்னுக்கோ பக்கவாட்டிலோ திடீரென்று நிலையில்லாமல் அசைதல் என்ற கருத்துத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு மட்டும், கப்பலுக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை. மனிதரும் லேர்ச் ஆவார். என் குறிப்பு பிழை. அவளுடைய வசனம் சரி.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கதைகளில் லேர்ச் என்ற சொல்லும் குடிகாரர்களோடு தாராளமாக வரும். மதுக்கடையிலிருந்து லேர்ச் ஆகி வெளியே வருகிறவர்கள் நிறைய. இதை அடுத்த நாள் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கட பேப்பர்ல அப்பிடி இல்லயே சேர்" என்றாள்.

அந்தப் பதில்தான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. நமது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்பது வீட்டில் கேட்கிற பாஷையில்லை, ரோட்டில் கேட்கிற பாஷையுமில்லை. ஆசிரியன் கொடுக்கிற தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர்களுக்கு ஆங்கிலம். நான் இரவு பத்து மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் "குடிகாரன் போல" என்று கிறுக்கினால், அந்தப் பிள்ளைக்கு முழு இங்கிலாந்திலும் அதற்கு அதுதான் கருத்து.

அந்தத் தாளை இப்போது பார்த்தால் எனக்கே வெட்கம். எட்டுச் சொல்லும் ஒன்று என்கிற மாதிரி. நமது பழைய நிகண்டுகளும் ஒரு பொருளுக்குப் பல சொல்லை அடுக்கித்தான் தரும், அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சூடாமணி நிகண்டைப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணினார்கள். ஆங்கிலத்தில் 1852இல் ரொஜே என்பவர் சொற்களை அகரவரிசையில் இல்லாமல் கருத்து வாரியாகக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒரு நூல் போட்டார், அது இன்றைக்கும் விற்கிறது. ரொஜே ஒரு வைத்தியர் என்பது எனக்கு இப்போது வேறு மாதிரி உறைக்கிறது. அடுக்குவது பிழையில்லை. ஆனால் அடுக்கின சொற்களுக்குள் எது எங்கே நிற்கும் என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆசிரியன். நான் அடுக்கை மட்டும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டேன்.

அதனால் ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்கினேன். கல்வியியற் கல்லூரியில் பழக்கின மாதிரி, சொல்லை எழுதாதே, நடித்துக் காட்டு.

முதலில் ஸ்டெகர். பையன்கள் எல்லாரும் படத்தில் பார்த்த குடிகாரன் மாதிரியே வந்தார்கள், ஒரே சிரிப்பு. அவர்களையும் குறை சொல்ல முடியாது, நான் எழுதிக் கொடுத்ததைத்தான் நடித்தார்கள். பிறகு ஒருவனைக் கூப்பிட்டு இன்னொருவனை முதுகில் ஏற்றி வகுப்பின் நீளத்துக்கு நடக்கச் சொன்னேன். நாலாவது அடியில் கால் பின்னியது, அங்குமிங்கும் போனான், ஆனாலும் போய்ச் சேர்ந்தான். அதுதான் ஸ்டெகர். ஆலையில் நெல் மூட்டை சுமக்கிறவர், காயம்பட்டவர், காய்ச்சலில் எழும்பி நடக்கிறவர் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். அடிக்கு மேல் அடி, இரண்டு பக்கமும். குடிகாரனும் அதில் ஒருவன், அவ்வளவுதான்.

டொட்டர் என்றதும் பின் வாங்கிலிருந்து "மகளா சேர்?" என்று கேட்டான் ஒருவன். இல்லை. பெலமில்லாத, இப்பவோ பிறகோ விழப்போகிற நடை. நம் தமிழில் குழந்தைக்குத் தளர்நடை என்றும் வயதானவருக்குத் தள்ளாத வயசு என்றும் வேறு வேறாக வைத்திருக்கிறோம், ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல்லே இரண்டு பேருக்கும் போகும். கோபுரமாக அடுக்கின கொப்பிகளும் டொட்டர் ஆகும். எனது மேசையில் தினமும் நடக்கிறது.

ரீல் என்றால் இவர்களுக்குத் தெரிந்தது இரண்டு: ஃபோனில் பார்க்கிறது, கூட்டாளி விடுகிறது. நூல் சுற்றுகிற ரீலும் இருக்கிறது. சொற்கூட்டத்தில் உள்ள ரீல் வேறு. ஓங்கி ஒரு அடி விழுந்தால், கெட்ட செய்தி ஒன்று வந்தால், தலை கிறுகிறுத்துப் பின்னுக்குப் போவோமே, அது. அடி முதலில், ஆட்டம் பிறகு.

ஸ்வே என்பதில் விழுகிற பயமே இல்லை, கச்சான் காத்துக்குத் தென்னை ஆடுகிற ஆட்டம். வொபிள் என்பதற்குப் பெண் பிள்ளைகள் பக்கமிருந்து வந்த உதாரணத்தை என்னால் மிஞ்ச முடியாது: பெருநாளைக்குத் தட்டில் வைத்துக் கொண்டுவரும்போது வட்டிலாப்பம் ஆடுகிறது. ரிம் கோணின சைக்கிள் சில்லும் அப்படித்தான். ஸ்டம்பிள் என்றால் காலில் ஏதோ இடற வேண்டும், தமிழில் இடறுதல் என்று அதற்குச் சரியான சொல்லே இருக்கிறது. ஜோல்ட் என்பது நாம் செய்வதில்லை, குழியில் விழுந்த பஸ் நமக்குச் செய்வது. குலுக்கி எடுப்பது.

கடைசியாக லேர்ச். இதற்கு நடிக்க ஒருவரையும் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை இரண்டாம் வரிசையில் இருந்தாள். கரும்பலகையில் ஒரு கப்பலைக் கீறினேன், அதன் பக்கத்தில் ஒரு அலை. கப்பலோட்டிகளின் வாயிலிருந்து வந்த சொல் இது. நின்று நிதானமாகப் போகிற ஒன்று, எச்சரிக்கை இல்லாமல், ஒரு பக்கமாக, ஒரே தரம். ஸ்டெகர் மாதிரித் தொடர்ந்து வராது, ஸ்வே மாதிரி மெதுவாகவும் வராது. அதன் பிறகு நிமிர்ந்தாலும் நிமிரலாம், நிமிராமலும் போகலாம். பயத்தில் வயிறு திக்கென்று புரளுமே, அதையும் ஆங்கிலத்தில் வயிறு லேர்ச் ஆனது என்பார்கள். ஒரு நெருக்கடியிலிருந்து இன்னொரு நெருக்கடிக்குப் பாய்கிற நாட்டுக்கும் இதையே பாவிப்பார்கள். 2022ஐ வாழ்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு பையன் கேட்டான், "சேர், லீவ் இன் த லேர்ச் எண்டு ஒண்டு இருக்கே, அதும் கப்பல் சரியிறதா?" நல்ல கேள்வி. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன், கப்பல் சரிகிற நேரம் பார்த்துக் கைவிட்டுப் போவது என்று. இல்லை. எழுத்து ஒன்றுதான், பிறப்பு வேறு. பழைய காலத்துப் பிரான்சில் காய் நகர்த்துகிற ஒரு ஆட்டம் இருந்தது. அதில் ஒருவர் மீள முடியாத அளவுக்குப் பின்தங்கி நிற்பதற்கு அந்த ஆட்டத்தின் பெயரையே சொல்லப்போய், இங்கிலாந்துக்கு வந்து லேர்ச் ஆகி, 16ஆம் நூற்றாண்டிலேயே கைவிடுதல் என்ற கருத்தில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. நமது பேச்சில் அந்தரத்தில் விட்டுப் போவது என்போமே, அதேதான். ஆளுக்குத் தேவையான நேரத்தில், உதவக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டே, விட்டுவிடுவது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி எல்லோரும் வாசிக்க வேண்டியது.

பாரிசவாதம் என்றால் நமக்குத் தெரிந்தது கை கால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது. பாரிசம் என்றாலே பக்கம். ஆனால் மூளையின் பின் பக்கத்தில், சமநிலையைப் பார்த்துக்கொள்கிற சிறுமூளைப் பகுதியில் இரத்தம் தடைப்பட்டால் வாய் கோணாமலும் இருக்கலாம், கை பெலமாகவும் இருக்கலாம். வருவது திடீர்த் தலைச்சுற்று, வாந்தி, நடக்க முடியாத தள்ளாட்டம், அநேகமாக ஒரு பக்கமாகச் சாய்வது, பேச்சுக் குழறுவது. ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வெறியில் இருக்கிற மனிதனுக்குச் சொல்கிற அத்தனை அடையாளமும் அதில் இருக்கிறது. ஆகவே இந்த ஸ்ட்ரோக்கைக் குடி என்று நினைத்து விட்டுவிடுவது நமது சந்தியில் மட்டும் நடப்பதில்லை, உலகம் முழுக்க நடக்கிறது.

பார்க்க வேண்டியவை: சமநிலை திடீரென்று போனதா, கண் பார்வை மாறியதா, முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா, ஒரு கை கீழே விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா. ஒன்று இருந்தாலும் போதும், மணியைப் பாருங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டொக்டர் கேட்பார். இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை ஏற்றுவதென்றால் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். எல்லோருக்கும் அந்த மருந்து பொருந்தாது, ஸ்கான் எடுத்துப் பார்த்து அவர்கள்தான் தீர்மானிப்பார்கள், ஆனால் நேரம் கடந்து போனால் தீர்மானிக்கவே ஒன்றும் இருக்காது. 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது. வாயில் எதுவும் பருக்க வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியும் வேண்டாம், சும்மா தண்ணியும் வேண்டாம். விழுங்குகிற தசை வேலை செய்யாவிட்டால் அது சுவாசப்பைக்குப் போகும்.

சரி, குடித்துவிட்டே ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று வையுங்கள். அவருக்கும் ஸ்ட்ரோக் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

கொப்பியில் என் வெட்டை அழிக்க முடியவில்லை. சிவப்பு மை அழியாது. அதன் மேலே ஒரு கோடு போட்டு, "லேர்ச்ட் சரி. ஆசிரியர் பிழை" என்று எழதி ஒப்பம் வைத்துக் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைப் பைக்குள் வைத்தாள். தாளையும் மாற்றி எழுதினேன். இப்போது எட்டுச் சொல்லுக்கும் எட்டு வசனம் இருக்கிறது, வட்டிலாப்பம் உட்பட. வேண்டிய ஆசிரியர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனேன். வாப்பா விறாந்தையில் கதிரையில் இருந்தார். கடலுக்குப் போவதில்லை, வலை பின்னிக் கொடுக்கிறார். கை நன்றாக வேலை செய்கிறது. மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல. நான் தேத்தண்ணிக் கடைக் கதையையும் சேர்த்துச் சொல்லி மாப்புக் கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நானே கடல் ஆட்டம் எண்டுதானே சேர் நினைச்சன். அவங்கள என்னத்தச் சொல்ற" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா அந்தக் கடைப் படியில இருக்கக்குள்ள எல்லாம் விளங்கிச்சு எனக்கு. நாக்குத்தான் வரல்ல. நான் குடிக்கல்ல எண்டு சொல்லத்தான் பாத்தன்" என்றார்.

உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். போட்டைப் பற்றி, டீசல் விலையைப் பற்றிக் கதைத்தோம். லேர்ச் என்பது கப்பல்காரர் சொல் என்று சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. "போட்டு அப்பிடி ஒரு சாய்வு சாஞ்சா எங்களுக்குத் தெரியும் சேர், காலை அகட்டி நிப்பம். தரைக்கு ஆர் அதப் பழகினது" என்று சிரித்தார்.

எழும்பினேன். வேண்டாம் என்று சொல்லியும் பொல்லை எடுத்துக்கொண்டு படலை வரைக்கும் வந்தார். மாமரத்தடியில் மண் கொஞ்சம் பள்ளம். அங்கே வந்ததும் திடீரென்று இடது பக்கமாக ஒரு சாய்வு. நான் பாய்ந்து கையைப் பிடிக்கப் போனேன். அவர் பொல்லை ஊன்றி நின்றுவிட்டார்.

"விடுங்க சேர்," என்றார், "எனக்கு அந்தப் பக்கம் தெரியும்."